நூற்று எண்பது சென்டிமீற்றர் அசிங்கம்

தலவாக்கலையில், பாலத்துக்கு இப்பால்,
கோழிக்கடை மாடியில் எங்கள் பேனர் கடை.
படிகளில் எப்போதும் ஓர் இறகு ஒட்டியிருக்கும்.

போட்டியின் விதி ஒற்றை வரி:
பனிச்சறுக்குப் பலகை ஒரு சோடிக்கு
உங்களால் முடிந்த அளவு அசிங்கமாக
ஒரு டிசைன் செய்து அனுப்புங்கள்.
யாரோ நோர்வேக்காரர்கள்.
பரிசு, அதே பலகை, அதே அசிங்கத்தோடு.

பனியை எனக்கு இவ்வளவுதான் தெரியும்:
தை மாதம் விடிகாலையில் வெள்ளை விழும்,
வெயில் வந்ததும் கொழுந்து கருகும்,
அம்மாவுக்கு அரைப் பேர் போடுவார்கள்.

அளவைப் பார்த்தேன்.
நூற்று எண்பது நீளம், அகலம் பதினொன்று.
இவ்வளவு ஒடுக்கமாய் நான் வரைந்தது
எட்டாம் ஆண்டில்
'எனது வீடு' என்று ரீச்சர் கேட்டபோது.
பத்துக் கதவு போட்டேன்.
ஒரு கதவு போதும் என்றார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சாணிப்பச்சையில் தொடங்கினேன்.
அசிங்கம் அவ்வளவு லேசில் வராது.
சாணிப்பச்சை, மழை விட்ட பற்றைபோல் நின்றது.
ரத்தம் குடித்து உப்பிய அட்டை ஒன்றை வரைந்தேன்,
அது வளையல்போல் பளபளத்தது.
கை தானாகவே எதையும் நடுவுக்கு இழுக்கிறது,
ஓரத்தைச் சமன் செய்கிறது.
ஏழு வருஷம் சம்பளத்துக்குப் பழகிய கை.

மவுஸை இடக்கைக்கு மாற்றினேன்.
போன தேர்தலில் தோற்றவரின் பல்வரிசையை
எண்ணூறு வீதம் பெரிதாக்கினேன்.
கட்டம் கட்டமாய் உடைந்த ரோஜா.
இருமல் மருந்தின் ரோஸ் நிறம்.
எழுத்துக்கு நிழல், நிழலுக்கும் ஒரு நிழல்.
கீழே போய்க் கோழிக்கால்களைப் படமெடுத்து வந்தேன்,
இடது பலகையில் கால்கள், வலதில் கழுத்து,
இரண்டையும் சேர்த்து வைத்தாலும் ஒரு கோழி வராது.

பதினொரு மணிக்கு வயிற்றைப் பிரட்டியது.
இவ்வளவு சந்தோஷமாய் நான் வேலை செய்ததே இல்லை.
அனுப்பிவிட்டு, திரையை அணைக்க மறந்து போய்விட்டேன்.

காலையில் யோகராசா அண்ணன் நின்றார்,
மகள் டிவானுஜா பெரிய பிள்ளையான விசேஷத்துக்கு.
"இது யாருடைய ஃபங்ஷன் தங்கச்சி?
என்னா ஒரு கலரு! இதையே போடுங்க.
பத்துக்கு ஆறு. சந்தியில ஒண்ணு, மண்டபத்துல ஒண்ணு."
"அண்ணே, இது வேணும்னே அசிங்கமா செஞ்சது."
திரையை இன்னொரு தரம் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
"காசு கூடவா?"

பல்வரிசை இருந்த இடத்தில் பிள்ளையை வைத்தேன்.
கோழிக்கால்களை எடுக்கப்போனேன்.
"அந்தப் பூ இருக்கட்டும்" என்றார்.

சந்தியில் மூன்று வாரம் தொங்கியது.
மூடுபனிக்குள் வேறெதுவும் தெரியாத நாட்களிலும்
அது தெரிந்தது.
அட்டன் பஸ்காரர்கள் அதை அடையாளம் வைத்து
ஆள் இறக்கினார்கள்.

பங்குனியில் முடிவு வந்தது.
எனக்கு நூற்றுப் பன்னிரண்டாம் இடம்.
முதல் பரிசு: முழுக்க மண்ணிறம்,
அதில் இமையில்லாத ஒரே ஒரு கண்.
வெகுநேரம் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

வைகாசி மழையில் பாக்கிக் காசுக்கு
முதலாளி என்னை அனுப்பினார்.
யோகராசா அண்ணன் வீட்டில் ஒழுகவில்லை.
தகரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவே
என் பேனர், முகம் கீழே பார்க்க.
அதன் அடியில் பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருந்தாள்,
தலைக்குமேல் ரோஜா, கோழிக்கால், அவளே பட்டுப்புடவையில்.
"மழைச் சத்தம்கூட கொஞ்சம் குறைவுதான் அக்கா," என்றாள்.

ஐந்நூறு தந்தார். மீதி அடுத்த மாசமாம்.
பிளேன்டீ ஆறும்வரை அண்ணாந்து பார்த்திருந்தேன்.
அவள் பெயரின் கடைசி எழுத்தில்
நிழலின் நிழல் இரண்டு மில்லிமீற்றர்
இடப்பக்கம் தள்ளியிருக்கிறது.
அதை மட்டும் நான் வேண்டுமென்று செய்யவில்லை.